அத்தியாயம் 11: நீலப் புகை

ரொபின்சன் கடலுக்குப் போகாமல் இருந்து இன்றோடு இருபத்தொரு நாள். ஜெனிஸ்ரா ஒவ்வொரு நாளையும் எண்ணி வைத்திருந்தாள்.

கவிழ்ந்த படகைப் பிடித்தபடி ஓர் இரவும் அரைப் பகலும் மிதந்தவனைத் தலைமன்னார்க்காரர்கள் தூக்கி வந்து கரையில் கிடத்தியபோது அவள் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. ஆறு வயது மகள் டிலக்சனாவை இழுத்து வந்து, அவளுடைய தலையில் புருஷனின் கையை எடுத்து வைத்தாள்.

"இனிக் கடலுக்குப் போகமாட்டன் எண்டு சொல்லுங்கோ."

உப்பில் வெடித்த உதடுகளோடு அவனும் சொன்னான். சொன்னதைக் காப்பாற்றியும் வந்தான்.

படகு விறகுக்குத்தான் ஆகும் என்று ஆகிவிட்டது. அதோடு சேர்த்து இழுத்து வந்த எஞ்சின் மட்டும் தப்பியது. அதைக் கழற்றித் துடைத்து, தறப்பாளால் மூடி, விறாந்தை மூலையில் நிறுத்தி வைத்திருந்தான். சில நேரம் அதன் பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பான். அதைப் பார்க்கும்போதெல்லாம் ஜெனிஸ்ரா டிலக்சனாவை அவனிடம் அனுப்பி வைப்பாள்.

கடல் இல்லையென்றால் வேறு என்ன தொழில்? அதற்குத்தான் பிக்கப் வாகனம். தங்கள் ஊரான தாழ்வுபாட்டில் பிடிபடும் மீனுக்கு ஐஸ் போட்டு ஏற்றி, வவுனியாவுக்குக் கொண்டு போகலாம். யோசனை ஜெனிஸ்ராவுடையது. வாகனத்தைத் தேடிப் பிடித்தவன் ரொபின்சனின் அண்ணன் றொபேட். தம்பியின் கடல் எஞ்சினைத் தந்தால் போதுமாம், மிச்சத்தை வசதிப்படும்போது பார்த்துக்கொள்ளலாமாம். அப்படித்தான் பெருந்தன்மையாகச் சொல்லி அனுப்பியிருந்தான். தலைமன்னாரில் கட்டிக் கிடக்கும் தன் படகைப் பற்றி மட்டும் வாயே திறக்கவில்லை.

றொபேட் பெருந்தன்மையான ஆள் அல்ல. எட்டு வருடம் அந்த வீட்டு மருமகளாக இருந்தவளுக்கு அது தெரியாதா? ஆனாலும், கணவனைக் கடலிடமிருந்து பிரித்துத் தருகிறவன் யாராக இருந்தால் என்ன என்று வாயை மூடிக்கொண்டாள்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு வாகனம் வாசலில் வந்து நின்றது.

வெள்ளை நிறம். முன்னால் மூன்று பேர் இருக்கலாம், பின்னால் பெட்டி. கழுவித் துடைத்ததில் வெயில் பட்டுக் கண் கூசியது. றொபேட் இறங்கி, கதவை அடித்துச் சாத்திக் காட்டினான்.

"நுவரெலியாவில மரக்கறி ஏத்தின வாகனம் தம்பி. மலைநாட்டு வாகனம். உப்புக் காத்தே படேல்லை. நம்பிக்கை இல்லாட்டி கீழ பூந்து பார்."

ரொபின்சன் அதைத்தான் செய்தான். சாக்கை விரித்து, வாகனத்துக்கு அடியில் நுழைந்து, சின்ன ஸ்பானரால் இரும்புச் சட்டத்தை முன்னாலிருந்து பின்னால் வரை தட்டிக் கேட்டான். படகின் அடிப்பலகையைத் தட்டிப் பார்த்துப் பழகிய கை அது. எங்கே உளுத்திருக்கிறது, எங்கே உறுதி என்று சத்தத்திலேயே சொல்லிவிடும்.

மன்னார்த் தீவில் பழைய வாகனம் வாங்குகிற எவரும் முதலில் தேடுவது துருவைத்தான். மீன் பெட்டியிலிருந்து ஒழுகும் தண்ணீரும் கடல் காற்றுமாகச் சேர்ந்து, நல்ல வாகனத்தை ஐந்து வருடத்தில் சல்லடையாக்கிவிடும். அதனால் துரு இல்லாத வாகனத்தைக் கண்டால் இந்த ஊர் ஆண்களுக்குத் தலைகால் புரியாது. வேறொன்றையும் பார்க்கத் தோன்றாது.

"ஒரு பொட்டுத் துரு இல்லை, ஜெனி!" அடியிலிருந்து வெளியே வந்தவனின் முகம் மலர்ந்திருந்தது. முதுகெல்லாம் மணல். "புதுசு மாதிரிக் கிடக்கு."

இருபத்தொரு நாளில் அவன் சிரித்து அவள் பார்ப்பது இதுதான் முதல் தடவை. அந்தச் சிரிப்பைக் கெடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. ஆனால் கை சும்மா இருக்கவில்லை. போய்ப் பொனட்டின் மேல் உள்ளங்கையை வைத்தாள். கொதித்தது.

"உப்புக்குளத்திலயிருந்து ஓடி வந்த வாகனம் சுடாமல் இருக்குமோ பிள்ளை?" என்று றொபேட் சிரித்தான்.

சரியான கேள்விதான். ஆனால் சூடான எஞ்சின் தன் நோயைக் காட்டாது என்று ஜெனிஸ்ராவுக்குத் தெரியும். தமிழ்நாட்டு அகதி முகாமில் வளர்ந்தவள் அவள். அவளுடைய அப்பா எட்வேட் முகாமுக்கு வெளியே ஒரு லொறிப் பட்டறையில் கூலி வேலை செய்தார். ஒன்பது வயதிலிருந்து பதினாறு வயது வரை அவருக்கு மத்தியானச் சாப்பாடு கொண்டு போனவள் இவள்தான். அவர் சாப்பிட்டு முடியும் வரை, டீசல் எஞ்சின்களைத் திறந்து வைத்துக்கொண்டு ஆண்கள் போடும் சண்டைகளைக் கேட்டபடி உட்கார்ந்திருப்பாள். அந்தப் பட்டறையில்தான் அப்பாவின் இடக்கண் போனது. அது எப்படிப் போனது என்று இந்த வீட்டில் அவள் ஒருவரிடமும் சொன்னதில்லை.

"அத்தான், சாப்பிட்டிட்டு ஓடிப் பாப்பம். புட்டு அவியுது" என்றாள்.

புட்டு அவியவில்லை. குசினிக்குள் போனபிறகுதான் மாவையே எடுத்தாள். எஞ்சின் ஆற வேண்டுமே! அடுப்பையும் மெதுவாகவே மூட்டினாள். ஒரு கையால் மாவைப் பிசைந்தபடி மறு கையால் முஸ்பிராவுக்குப் போன் எடுத்தாள். தையல் வகுப்பில் கிடைத்த சிநேகிதி அவள். அவளுடைய புருஷன் றிஸ்லான் உப்புக்குளத்தில் கராஜ் வைத்திருக்கிறான். வாகன வைத்தியம் தெரிந்த, பொய் பேசாத ஆள் என்று பெயர்.

"அவர் முருங்கனுக்கு ஒரு டிராக்டர் பாக்கப் போயிட்டார்டி. பதினொரு மணிக்குள்ள பாலத்தால வந்திருவார்."

"வந்த உடன ஒருக்கா இஞ்ச வரச் சொல்லு முஸ்பிரா. எனக்கு என்னமோ பயமாக் கிடக்கு."

"என்னத்துக்குப் பயம்?"

மா இறுகுது, பிறகு எடுக்கிறன் என்று ஜெனிஸ்ரா போனை வைத்துவிட்டாள். இந்த வாகனம் சரியில்லை என்று தெரிந்தாலும் பயம், சரியில்லை என்று தன் வாயால் சொன்னாலும் பயம். இது போய்விட்டால் விறாந்தை மூலையில் இருக்கும் எஞ்சின் மறுபடி கடலுக்குப் போகும். கூடவே அவனும் போவான்.

சாப்பாடு முடிய ஒன்றரை மணித்தியாலம் ஆயிற்று. அதற்குள் றொபேட் நாலு தரம் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். விறாந்தை மூலையில் தறப்பாள் மூடிய எஞ்சினைப் பார்த்தது அதைவிட அதிகம்.

"நானே ஸ்டார்ட் பண்ணிக் காட்டுறன்" என்று எழுந்தான்.

"இல்லை அத்தான், இவர் பண்ணட்டும். ஓடப்போறவர் இவர்தானே."

ரொபின்சன் ஏறித் திறப்பைப் போட்டுத் திருப்பினான். எஞ்சின் இழுத்து இழுத்து முனகியது. நின்றது. மறுபடி முனகியது. மூன்றாம் முறை ஒரு குலுக்கலோடு பிடித்துக்கொண்டது. பின்னால் குழாயிலிருந்து நீலமாகப் புகை கிளம்பி முற்றத்தை மூடியது. கோழிகள் வேலிக்கு ஓடின. கிணற்றடியில் நின்ற மாமியார் புஸ்பம் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

ஜெனிஸ்ரா புகையின் நிறத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ரொபின்சனோ யன்னலால் தலையை நீட்டி, மூச்சை இழுத்துச் சிரித்தான்.

"எங்கட கடல் எஞ்சின் மாதிரியே மணக்குது!"

அவனைக் குறை சொல்லிப் பயனில்லை. பதினைந்து வயதிலிருந்து அவன் கேட்ட சத்தமும் மணந்த புகையும் கடல் எஞ்சினுடையது. அதில் மண்ணெண்ணெய்க்குள்ளேயே ஒயிலைக் கலந்து ஊற்றுவார்கள். நீலமாகப் புகைத்தால்தான் எஞ்சினுக்குச் சுகம். புகை குறைந்தால்தான் நடுக்கடலில் பயப்பட வேண்டும். தாழ்வுபாட்டில் எந்த மீனவனைக் கூட்டி வந்து காட்டினாலும் இதையே சொல்லியிருப்பான்.

"இஞ்சேருங்கோ, இது டீசல். டீசல் நீலமாப் புகைச்சா அது தன்ர வயித்துக்குள்ள இருக்கிற ஒயிலையே குடிக்குது எண்டு அர்த்தம்" என்றாள் ஜெனிஸ்ரா.

"காலமைக் குளிருக்குப் புகைக்கும் பிள்ளை. போகப் போகச் சரியாகும்" என்றான் றொபேட்.

உண்மைதான், கொஞ்ச நேரத்தில் புகை குறைந்தது. அவள் விடவில்லை. பொனட்டைத் திறக்கச் சொல்லி, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒயில் மூடியைத் திருகி எடுத்தாள். உள்ளேயிருந்து குபுக் குபுக்கென்று புகை மேலே வந்தது. றொபேட் பாய்ந்து வந்து மூடியைப் பறித்து மூடினான்.

"கை சுட்டுப்போடும்! பொம்பிளையளுக்கு ஏன் இந்த வேலை?"

எஞ்சினை நிறுத்தச் சொல்லி, பத்து நிமிடம் விட்டு, ஒயில் அளவு பார்க்கும் கம்பியை இழுத்துத் துடைத்து மறுபடி விட்டு எடுத்தாள். மேல் கோட்டையும் தாண்டி இரண்டு விரல் உயரத்துக்கு ஒயில் ஏறியிருந்தது.

"தம்பிக்குத் தாற வாகனமெண்டு தாராளமா விட்டிருக்கிறன்" என்றான் றொபேட்.

"ஒயில் கூடினா என்ன ஜெனி? குறைஞ்சாத்தான் எஞ்சின் இறுகும்." ரொபின்சனின் குரலில் பொறுமை குறைந்திருந்தது.

"இது குடிச்சுக் குறையிறதாலதான் அளவுக்கு மேல விட்டு மறைச்சிருக்கு. இந்த வாகனம் வேண்டாமப்பா. வேற பாப்பம்."

"வேற எங்க பாக்கிறது? எஞ்சினை வாங்கிக்கொண்டு ஆர் வாகனம் தருவான்?" அவன் பொனட்டை ஓங்கி அடித்து மூடினான். "கடலுக்குப் போகாதை எண்டாய், விட்டன். வாகனம் வாங்கு எண்டாய், வந்து நிக்குது. இப்ப இதுவும் வேண்டாமெண்டா, என்ன செய்யச் சொல்லுறாய்? அந்த எஞ்சினைத் திரும்பக் கொண்டுபோய் ஆற்றையாவது போட்டில பூட்டவோ? சொல்லு, பூட்டுறன்."

ஜெனிஸ்ராவின் கண் விறாந்தை மூலைக்குப் போனது. இந்த ஒரு சொல்லுக்குத்தான் காலையிலிருந்து பயந்துகொண்டிருந்தாள்.

மணியைப் பார்த்தாள். பத்தேகால். தீவையும் பெருநிலத்தையும் இணைக்கும் பாலத்தால் றிஸ்லான் வரும் நேரம். எப்படியாவது அவன் கண்ணில் இந்த வாகனத்தைக் காட்டிவிட்டால், அவன் சொல்வதைப் புருஷன் கேட்பான். ஆம்பிளை வாயால் வந்தால் நம்புவான்.

"சரி. பாலத்தால அந்தப் பக்கம் தள்ளாடிச் சந்தி வரைக்கும் ஓடிப் பாப்பம். ஓடினா வாங்குவம்" என்றாள்.

"பாலமோ?" றொபேட்டின் முகம் மாறியது. "அவ்வளவு தூரம் என்னத்துக்கு? ரவுனுக்குள்ள ஒரு சுத்துச் சுத்தினாக் காணாதோ?"

"வவுனியா ஓடப்போற வாகனம் பாலம் கூட ஓடாதோ அத்தான்?"

றொபேட் கைக்கடிகாரத்தை மறுபடி பார்த்தான்.

அதற்குள் புஸ்பம் மாமி ஜெபமாலையோடு வந்து நின்றாள். அந்தக் குடும்பத்தில் ஒரு பழக்கம் உண்டு. புதுப் படகு முதல்முறை இறங்கும்போது வீட்டார் எல்லாரும் அதில் ஏறி ஒரு சுற்றுப் போய்வர வேண்டும். யாராவது ஏறாமல் விட்டது ஒரே ஒரு படகில்தான், அதுதான் மூன்று கிழமைக்கு முன்னால் கவிழ்ந்த படகு. அதை முதல்முறை இறக்கிய அன்று டிலக்சனாவுக்குக் காய்ச்சல், ஜெனிஸ்ரா பிள்ளையை அனுப்பவில்லை. அதை மாமி இருபத்தொரு நாளாக மறக்கவுமில்லை, மறக்க விடவுமில்லை.

"பிள்ளையையும் ஏத்திக்கொண்டு போங்கோ" என்றாள் மாமி. "எனக்கு முழங்கால் ஏலாது. அவளாவது ஏறட்டும்."

"இது படகில்லை மாமி, பழைய வாகனம். முதல்ல நாங்கள் ஓடிப் பாத்திட்டு..."

"முந்தியும் இப்பிடித்தான் சொன்னனீ."

ஜெனிஸ்ரா மாமியின் பக்கம் திரும்பிய அந்த நேரத்தில் டிலக்சனா செருப்பைக்கூடப் போடாமல் ஏறி நடுவில் உட்கார்ந்துவிட்டாள். இறக்கலாம் என்று கையை நீட்டினாள் ஜெனிஸ்ரா. மாமி பிள்ளையின் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டிருந்தாள். ரொபின்சன் மனைவியைப் பார்த்தான். அவள் கையை இழுத்துக்கொண்டாள்.

"முன்னுக்கு மூண்டு பேர்தான். நான் உன்ர மோட்டசைக்கிளில பின்னால வாறன்" என்றான் றொபேட். பிறகு யன்னலுக்குக் கிட்ட வந்து, குரலைத் தாழ்த்தி, "பாலத்தில மட்டும் பையப் போ தம்பி. மிதிக்காத" என்றான்.

"ஏன்?"

"பொலிஸ் நிப்பாங்கள்."

*

ரவுனைத் தாண்டும் வரை ஒரு குறையும் இல்லை. பாலத்தில் ஏறி இறங்கி, இரண்டு பக்கமும் தண்ணீர் கிடக்கும் நீண்ட வீதிக்கு வந்ததும் காற்று உள்ளே அடித்தது. டிலக்சனா கையைத் தட்டிக்கொண்டு, தண்ணீருக்குள் நின்ற நாரைகளை எண்ணிக்கொண்டு வந்தாள். ரொபின்சன் ஸ்டியரிங்கில் விரலால் தாளம் போட்டான். கலியாணத்துக்கு முன்னால் இரண்டு வருடம் ஒரு முதலாளியின் மீன் லொறியை, பொனட்டைத் திறந்து பாராமல், ஓட்ட மட்டும் செய்தவன். கை மறக்கவில்லை.

"பாத்தியோ? சும்மா பயந்தாய்" என்றான். குரலில் கோபம் போய்விட்டிருந்தது.

தான் தேவையில்லாமல் பயந்தோமோ என்று ஜெனிஸ்ராவுக்கே தோன்றத் தொடங்கியது. எதிரே வருகிற ஒவ்வொரு மோட்டசைக்கிளிலும் றிஸ்லானின் முகத்தைத் தேடினாள்.

முன்னால் வைக்கோல் ஏற்றிய டிராக்டர் ஒன்று ஊர்ந்துகொண்டிருந்தது. ரொபின்சன் அதை முந்துவதற்காக மிதித்தான். வாகனம் சீறிக்கொண்டு முந்தியது. முந்தி முடிந்து காலை எடுத்தான்.

சத்தம் குறையவில்லை.

அவன் குனிந்து காலடியைப் பார்த்தான். கால் மிதியில் இல்லை. ஆனாலும் எஞ்சின் ஏறிக்கொண்டே போனது. ஆள் மிதிக்காமலே வாகனம் வேகம் எடுத்தது.

"என்னப்பா? என்ன?"

"தெரியேல்லை... பெடல் மேலதான் நிக்குது... தானா ஓடுது!"

அந்தச் சத்தம் ஜெனிஸ்ராவுக்குத் தெரியும். பதினாலு வயதில், சாப்பாட்டு வாளியோடு பட்டறை வாசலில் நின்றபோது கேட்டது. ஒரு லொறி எஞ்சின் டீசலை விட்டுவிட்டுத் தன் ஒயிலையே குடித்துக்கொண்டு, நிறுத்த ஆளில்லாமல் அலறியது. அப்பா சாக்கைச் சுருட்டிக்கொண்டு, காற்று போகும் குழாயை அடைக்க ஓடினார். அவர் கிட்டப் போகவும் எஞ்சின் வெடிக்கவும் சரியாக இருந்தது. ஒரு விரல் அளவு இரும்புத்துண்டு அவருடைய கண்ணில் இருந்தது.

ரொபின்சன் திறப்பைத் திருப்பினான். ஸ்டியரிங்குக்கு முன்னாலிருந்த சின்ன விளக்குகள் அணைந்தன. எஞ்சின் அணையவில்லை.

பிறகு அவன் செய்ததைக் கடற்காரன் மட்டும்தான் செய்வான். கடலில் எஞ்சின் கட்டுமீறினால் முதல் வேலையாகக் கியரை எடுத்துவிட வேண்டும். படகு நின்றுவிடும், பிறகு ஆறுதலாக எஞ்சினைப் பார்க்கலாம். பதினைந்து வருடப் பழக்கம் அவனுடைய கையைப் பிடித்து இழுத்தது. பிரேக்கை மிதித்தபடியே கியரை எடுத்து நடுவில் விட்டான்.

பாரம் விட்டுப்போன எஞ்சின் வீரிட்டது. வாகனம் முழுவதும் உதறியது. பொனட்டின் ஓரங்களாலும் பின்குழாயாலும் வெள்ளையும் நீலமுமாகப் புகை கிளம்பி, வீதியும் தண்ணீரும் வானமும் ஒன்றும் தெரியாமல் போயிற்று. புகைக்குள் எங்கேயோ ஒரு பஸ்ஸின் ஹோர்ன் விடாமல் அலறியது. வாகனம் வேகம் குறைந்து ஓரத்தில் உரசி நின்றது. எஞ்சினின் வேகம் மட்டும் ஏறிக்கொண்டே போனது.

"குதிப்பம்! பிள்ளையைத் தா!" என்று ரொபின்சன் கதவைத் திறந்தான். அவனுடைய பக்கத்தில் பஸ் உரசிக்கொண்டு போனது. கதவைத் திரும்ப இழுத்துச் சாத்தினான். ஜெனிஸ்ராவின் பக்கம் வீதியோரத் தடுப்புக் கம்பித் தூண் கதவோடு ஒட்டி நின்றது. திறக்க வழியில்லை.

டிலக்சனா இரண்டு காதையும் பொத்திக்கொண்டு அம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்தாள்.

அப்பா சாகும் வரை சொல்லிக்கொண்டிருந்த ஒரு வார்த்தை ஜெனிஸ்ராவின் நினைவுக்கு வந்தது. கியரில போட்டிருந்தாக் கண் தப்பியிருக்கும். குடித்தாலும் சொல்வார், குடிக்காவிட்டாலும் சொல்வார்.

"கியரில போடுங்கோ!" என்று கத்தினாள். "அஞ்சாவதில போடுங்கோ! பிரேக்கை முழுக்க மிதிச்சுக்கொண்டு கிளச்சை விடுங்கோ!"

"எஞ்சின் உடைஞ்சிரும்!"

"உடையட்டும்! விடுங்கோ!"

அவன் போட்டான். கியர் கரகரத்து உள்ளே விழுந்தது. பிரேக்கின் மேல் எழும்பி நின்றவன் போல மிதித்து, கிளச்சிலிருந்து காலைச் சட்டென்று எடுத்தான். வாகனம் ஒரு தடவை முன்னால் பாய்ந்து, மூவரையும் தூக்கிப் போட்டது. இரண்டு தரம் விக்கியது. பிறகு அடங்கியது.

வெளியே காற்றுச் சத்தம் கேட்டது. வீதியில் யாரோ ஓடி வந்தார்கள்.

"அம்மா, முடிஞ்சுதோ?" என்று மடிக்குள்ளிருந்து டிலக்சனா கேட்டாள்.

"முடிஞ்சுதம்மா" என்றாள் ஜெனிஸ்ரா. மகளின் காதுகளிலிருந்து கைகளை மெல்ல எடுத்துவிட்டாள். பாலத்தால் போவோம் என்று சொன்னவள் அவள்தான். பிள்ளையை இறக்காமல் கையை இழுத்துக்கொண்டவளும் அவள்தான். மாமியின் ஒரு சொல்லுக்குப் பயந்து என்ன செய்யப் பார்த்தோம்!

*

இறங்கி வீதியோரத்தில் நின்றார்கள். ரொபின்சன் மகளைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றான். புகைக்குள்ளிருந்து மோட்டசைக்கிளில் வந்து இறங்கினான் றொபேட். பிள்ளைக்கு என்ன என்று அவன் கேட்கவில்லை.

"பையப் போ எண்டு சொன்னனானெல்லோ!" என்றான்.

ஜெனிஸ்ரா நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். தான் சொன்னது என்னவென்று அவனுக்கும் அப்போதுதான் விளங்கியிருக்க வேண்டும். பார்வையைத் திருப்பிக்கொண்டான்.

மறுபக்கத்திலிருந்து, பின்னால் ஸ்பானர் பெட்டி கட்டிய மோட்டசைக்கிள் ஒன்று வந்து நின்றது. றிஸ்லான். ஹெல்மெட்டைக் கழற்றியபடியே ஓடி வந்தவன், வாகனத்தின் இலக்கத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டான்.

"யா அல்லா! இதிலயா தங்கச்சி பிள்ளையையும் ஏத்திட்டு வந்தீங்க?"

"இந்த வாகனம் உங்களுக்குத் தெரியுமோ, றிஸ்லான் நானா?" என்று ஜெனிஸ்ரா அண்ணன் முறை வைத்துக் கேட்டாள்.

றிஸ்லான் றொபேட்டைப் பார்த்தான். றொபேட் தண்ணீரைப் பார்த்தான்.

"போன வெள்ளிக்கிழமை என்ட கராஜுக்குத்தான் கொண்டு வந்தவர்" என்றான் றிஸ்லான். "மலையில பாரம் ஏத்தி ஏத்தி எஞ்சின் உள்ளுக்க தேய்ஞ்சிட்டு. ஒருநாளைக்கு தானா ஓடத் தொடங்கும், நிப்பாட்ட ஏலாது, ஆக்களை ஏத்தாதீங்க எண்டு படிச்சுப் படிச்சு சொன்னன். சரி எண்டிட்டுத்தான் போனவர்."

ரொபின்சன் அடிக்கப் போகிறான் என்று ஜெனிஸ்ரா நினைத்தாள். அவன் அடிக்கவில்லை. மகளை இறக்கி அவளிடம் கொடுத்தான்.

"பிள்ளையின்ர தலையில கை வைச்சுச் சத்தியம் பண்ணினன், ஜெனி. அந்தச் சத்தியத்தைக் காப்பாத்தப் போய்த்தான் இண்டைக்குப் பிள்ளையைக் கொல்லப் பாத்தன்."

"அப்பிடிச் சொல்லாதேங்கோ..."

"நீலப் புகையைப் பாத்துச் சிரிச்சவன் நான். நீ சொல்லச் சொல்லக் கேக்கேல்லை. கரையில எனக்கு ஒண்டும் தெரியாது. கடலிலயெண்டா எந்தப் புகைக்குச் சிரிக்கலாம், எதுக்குப் பயப்பிட வேணும் எண்டாவது தெரியும்." அண்ணன் பக்கம் திரும்பினான். "எஞ்சின் என்ர வீட்டில இருக்கு. எனக்கு நீ வாகனமும் தரவேண்டாம், ஒண்டும் தரவேண்டாம். தலைமன்னாரில கட்டிக் கிடக்கிற உன்ர போட்டைத் தா. திங்கட்கிழமை விடிய நான் தொழிலுக்குப் போறன்."

வாகனத்தைப் பற்றி ஜெனிஸ்ரா காலையிலிருந்து சொன்னது ஒவ்வொன்றும் சரியாகிவிட்டது. அதற்குக் கிடைத்த கூலி இதுதான். இருபத்தொரு நாள் எண்ணிக்கை இந்த வீதியோரத்தில் முடிந்துவிட்டது. மகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். வேண்டாம் என்று சொல்லவும் அவளுக்கு உரிமை இல்லாததுபோல் இருந்தது.

வேண்டாம் என்று சொன்னவன் றொபேட்.

"என்ர போட்டையோ?" அவனுடைய முகத்தில் இரத்தமே இல்லை. "வேண்டாம் தம்பி. அது வேண்டாம். வேற ஆரிட்டையாவது கேட்டு வாங்கித் தாறன்."

"ஏன், அதுக்கென்ன?"

"அதைக் கேக்காத. அந்தப் போட்டில மட்டும் ஏறாத."

ரொபின்சன் மோட்டசைக்கிளை நோக்கி நடந்தான். றிஸ்லான் பொனட்டைத் திறக்கப் போனான். அந்த ஒரு நிமிட இடைவெளியில் றொபேட் ஜெனிஸ்ராவுக்குக் கிட்ட வந்தான். எட்டு வருடத்தில் முதல் தடவையாக, பிள்ளை என்று சொல்லாமல் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான்.

"ஜெனிஸ்ரா, காலில விழச் சொன்னாலும் விழுறன். அவனை எப்பிடியாவது மறி. அந்தப் போட்டைக் கடலில கண்டா, அதில ஆர் இருக்கிறது எண்டு பாக்கமாட்டாங்கள், உயிரோட விடமாட்டாங்கள்."

"ஆர் அத்தான்? ஆர் பாக்கமாட்டாங்கள்?"

றொபேட் கடல் பக்கம் திரும்பிப் பார்த்தான். நிறுத்த முடியாத எஞ்சினில் ஆறு வயதுப் பிள்ளை ஏறி உட்கார்ந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, பையப் போ என்று மட்டும் சொன்ன மனிதன் அவன். இப்போது நடுவீதியில் நின்று, ஊரே பார்க்க, இரண்டு கைகளையும் கூப்பி அழுதுகொண்டிருந்தான்.